பஸ் எதிலும் மோதவில்லை, ஆனாலும் அது விபத்துதான்

பஸ் விபத்து என்றாலே லாரியோடு நேருக்கு நேர் மோதி அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிற படம்தான் நம் மனதில் வருகிறது. ஆனால் நிறையப் பயணிகளுக்கு அடிபடுவது அப்படி இல்லை. சடன் பிரேக்கில் முன் சீட்டுக் கம்பி இடித்துப் பல் உடைகிறது, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போதே ரெண்டு விசில் கொடுத்து வண்டி நகர்ந்துவிடுகிறது, வேகத்தடையில் வேகம் குறைக்காமல் ஏற்றி இறக்கியதில் கடைசி சீட்டுக்காரர் எகிறி விழுகிறார். வண்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. அதனாலேயே இது விபத்தாகவே பதிவாகாமல் போய்விடுகிறது. எனக்கு ஆற்றாமையே அதுதான்.

என் அத்தைக்கு நடந்தது அந்தக் கடைசி வகை. இடுப்புக்கு மேலே முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிட்டது. "பின்னாடி உக்காந்தா அப்படித்தாம்மா தூக்கிப் போடும்" என்று சொல்லி கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார், பஸ் போய்விட்டது.

அப்படி இறக்கிவிட்டுப் போவது அவர்கள் இஷ்டம் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டியது டிரைவரின் கடமை என்கிறது. பக்கத்துக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வதும் அவர் கடமைதான். அப்புறம், டிரைவரோ கண்டக்டரோ வேலை நேரத்தில் காட்டிய கவனக்குறைவுக்கு அவர்களை வேலைக்கு வைத்தவர்தான் பணம் கட்ட வேண்டும். தனியார் பஸ் என்றால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும், அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகமே கட்டும். "பாவம், டிரைவர் சம்பளத்தில் பிடிப்பார்களே" என்று தயங்கி வழக்கையே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இழப்பீட்டை டிரைவர் பாக்கெட்டிலிருந்துதான் எடுப்பார்கள் என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் நடப்பதுதான் ரொம்ப முக்கியம். கேஷுவாலிட்டியில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் ஒரே ஒரு வரி எழுதுவார்கள், எப்படி அடிபட்டது என்று. கூட்டிப் போனவர் போலீஸ், கேஸ் என்று பயந்து "கீழே விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகும், பின்னாடி எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே மொத்த வழக்கையும் ஆட்டிப் பார்ப்பார். அத்தை வலியிலும் தெளிவாக இருந்தார். பஸ், நேரம், எந்த இடத்து வேகத்தடை என்று எல்லாவற்றையும் சொல்லி எழுத வைத்தார். டிக்கெட்டையும் பத்திரமாகப் பர்சில் வைத்திருந்தார். ரூட் நம்பர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், வண்டியின் பதிவு எண்தான் யாருக்கும் தெரியாது. இறங்கியதும் முடிந்தால் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் "எதுலயும் மோதலையே, இதுக்கு எதுக்கு எஃப்.ஐ.ஆர்.?" என்று கேட்டார்கள். மோத வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, வாகனத்தைப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட விபத்தாக இருந்தால் போதும். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். சிகிச்சை அலைச்சலில் புகார் கொடுக்கத் தாமதமாகிவிட்டால் அதை மட்டும் காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இலவச டிக்கெட்டில் போன பெண்களுக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. சுத்தப் பொய். ரோட்டில் நடந்து போகிறவர் மேல் பஸ் ஏறினால் அவரிடம் டிக்கெட்டா கேட்பார்கள்? கட்டணமில்லா டிக்கெட்டும் நீங்கள் அந்தப் பஸ்ஸில் இருந்ததற்கு ஆதாரம், கிழித்துப் போடாதீர்கள். படிக்கட்டில் தொங்கிப் போவது மட்டும் கொஞ்சம் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆவது பிரிவு பயணி தொங்கக் கூடாது என்கிறது, அதே பிரிவு டிரைவரும் கண்டக்டரும் தொங்க விட்டு ஓட்டக் கூடாது என்றும் சொல்கிறது. பயணியின் பங்குக்குக் கொஞ்சம் தொகை குறையலாம், ஆனால் முழுத் தவறையும் அவர் தலையில் கட்ட முடியாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: சாலை விபத்து இழப்பீடு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, உங்கள் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து கெடு இருக்கிறது, அதனால் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எவ்வளவு கேட்பது? ஆஸ்பத்திரி பில் மட்டும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். வேலைக்குப் போக முடியாத நாட்கள், கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, போக வர ஆட்டோ, வலி, இனி செய்ய வேண்டிய வைத்தியம் எல்லாம் சேரும். டாக்டர் எழுதும் ஊன சதவீதமும் வருமானத்தில் ஏற்படும் இழப்பும் ஒன்று இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு விளக்குகிறது. ஒரு கை போனால் டிரைவருக்குப் பிழைப்பே போய்விடும், குமாஸ்தா ஒருவேளை அதே வேலையில் நீடிக்கலாம். அத்தை வீட்டில் இருப்பவர்தானே, வருமான இழப்பு எங்கே என்று ஒருவர் கேட்டார். சமையலும் தண்ணீர் எடுப்பதும் வேலை இல்லாமல் வேறு என்ன? வீட்டு வேலைக்கும் பண மதிப்பு போட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தீர்ப்பு வந்தும் பணம் வராமல் இழுப்பதுதான் இதில் மோசமான கட்டம். பஸ் ஸ்டாண்டில் பயணிகளை இறக்கிவிட்டு கோர்ட் அமீனா அரசு பஸ்ஸில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுகிற செய்தி நம் பேப்பர்களில் அடிக்கடி வருகிறது. நடக்க முடியாத ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அரசு நிறுவனமே இப்படி இழுத்தடிப்பது எனக்கு மன்னிக்க முடியாததாகத்தான் தெரிகிறது. அப்படி இழுத்தால் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவை வக்கீலிடம் போடச் சொல்லுங்கள், முதலில் இழப்பீட்டு மனு போட்ட நாளிலிருந்து தீர்ப்பாயம் போட்ட வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.