ஈறும் சர்க்கரையும்: ஈறு சிகிச்சைப் பிரிவின் நாட்குறிப்பு

2025 ஜூலை 1

சர்க்கரை நோயாளிகள் கொண்டுவரும் கோப்புகளில் கண்ணுக்கு ஒரு பக்கம், பாதத்துக்கு ஒரு பக்கம், சிறுநீரகத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஈறைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரி கூட இல்லை. ஈறு நோய் சர்க்கரையின் ஆறாவது பின்விளைவு என்று ஈறு நோய் ஆய்வாளர் ஹெரால்ட் லோ எழுதியது 1993-ல்.

ஈறு நோய் முற்றும் வரை வலிக்காது. அதனால் பல் ஆடத் தொடங்கிய பிறகே வருகிறார்கள். "பல் ஆடுது டாக்டர், புடுங்கிடுங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. நாங்கள் முதலில் கேட்பது: "மூணு மாச சுகர் கடைசியா எப்போ பாத்தீங்க?" அந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சீட்டு இல்லையென்றால் அன்றே ரத்தம் கொடுக்கச் சொல்கிறோம்.

பாதிப்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் கிருமியை விரட்டும் வேகம் குறைகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது, பல்லைத் தாங்கும் எலும்பு விரைவில் கரைகிறது. மறுபக்கம், ஈறில் நாள்பட நிற்கும் அழற்சியிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலை செய்வதை மந்தப்படுத்துகின்றன. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்காதவரின் வாயைத் திறந்து பார்ப்பது வீண்வேலை அல்ல.

ஜூலை 2

நோயுற்ற ஈறு பல்லை விட்டு விலகிப் பைபோல் ஆகிறது. அந்தப் பையின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. முனையில் அரை மி.மீ. உருண்டையும், 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டையும் உள்ள மெல்லிய அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்குகிறோம். 20 முதல் 25 கிராம் விசை போதும். புதிதாகப் பழகுபவர்கள் தங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்திப் பார்க்கலாம்: நகம் வெளிறவேண்டும், வலிக்கக்கூடாது. ஒரு பல்லுக்கு ஆறு இடம். 28 பல் இருந்தால் 168 அளவுகள். அளவுகோலை எடுத்துச் சில நொடிகளில் ஈறு விளிம்பில் ரத்தம் பொட்டாக எழுந்தால் அந்த இடத்துக்கு ஒரு குறி.

3 மி.மீ. வரை நலம். 4 என்றால் கவனம். 6-ஐத் தாண்டினால் பிரஷ்ஷோ கொப்பளிப்போ அங்கே எட்டாது. நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கமும் அப்படித்தான். பைக்குள் அது இறங்குவதில்லை.

பைகளின் உட்புறப் புண்பரப்பு எல்லாம் சேர்த்து உள்ளங்கை அகலம் என்று பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. அது மிகை. முற்றிய நோயில் கணக்கிட்டால் 8 முதல் 20 சதுர செ.மீ. வருகிறது. அந்த அளவுப் புண் காலில் இருந்தால் யாரும் மாதக்கணக்கில் சும்மா விடமாட்டார்கள்.

ஜூலை 8

சுத்தம் செய்யும் நாள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலை நேரம்தான். வெறும் வயிற்றில் வரக்கூடாது. டிபன் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வரவேண்டும். "பல் டாக்டர்கிட்ட போறோம்" என்று ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருபவர்களுக்குத்தான் நாற்காலியிலேயே வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுகிறது. விரலில் குத்திப் பார்க்கையில் சர்க்கரை 70 மி.கி.-க்குக் கீழ் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஈறுக்கு மேலே உள்ள காறையை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கை, எடுப்பது எளிது. நோயை வளர்ப்பது வேரோடு ஒட்டியிருக்கும் கரும்பச்சைக் காறை. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு பக்கமாக, வேரின் மேல் கருவி வழுவழுவென்று நகரும் வரை சுரண்டவேண்டும்.

"க்ளீன் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்" என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. எலும்பு முன்பே கரைந்துபோயிருக்கிறது. அந்தச் சந்தைக் காறையும் வீங்கிய ஈறும் அடைத்திருந்தன. வீக்கம் வடிந்ததும் சந்து தெரிகிறது. சில வாரம் பல் கூசும். இதைச் சுத்தம் செய்வதற்கு முன்பே சொல்லவேண்டும். பிறகு சொன்னால் சமாதானம் போலத்தான் ஒலிக்கும்.

ஜூலை 9

வீட்டுக்கு: மென்மையான பிரஷ், ஈறு விளிம்பில் 45 பாகை சாய்வு, குறுகிய அசைவு, இரண்டு நிமிடம். ஒரு வேளை தவறினாலும் ராத்திரி வேளை தவறக்கூடாது. சந்து உள்ள இடத்தில் பல்லிடுக்கு பிரஷ். இறுக்கமாக நுழையவேண்டும், கம்பி பல்லில் உரசக்கூடாது. எல்லாச் சந்துக்கும் ஒரே அளவு சரிவராது. உமிக்கரி, கல்லுப்பு வேண்டாம், வேர்ப்பகுதி தேய்ந்துவிடும்.

கிருமியைக் கொல்லும் கொப்பளிப்பு மருந்து: 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் 10 மி.லி., காலை, இரவு, இரண்டு வாரம் மட்டும். நீட்டித்தால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும். பற்பசைக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி விடாவிட்டால் மருந்தின் வேகம் குறையும்.

ஜூலை 17

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு முன்பற்களின் நடுவே ஈறு முளைபோல் தடித்து வளரும். பல்லில் கிருமிப் படலம் சேர்ந்த வாயில் அதிகம். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. மாற்று மருந்து உண்டா என்று கொடுத்த மருத்துவரைக் கேட்டு எழுதுகிறோம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் பல் வேலைக்காகத் தாங்களே மூன்று நாள் நிறுத்திவிட்டு வருகிறார்கள். அது ஆபத்து. ஈறில் வரும் ரத்தத்தைப் பஞ்சால் அழுத்தி நிறுத்தலாம். இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டில் உறைந்த ரத்தத்துக்கு அப்படி வழியில்லை.

ஆகஸ்ட் 4

"ஈறைச் சரிபண்ணினா ஹார்ட் அட்டாக் வராதா?" அப்படி வாக்குக் கொடுக்க ஆதாரம் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது. ஈறு சிகிச்சையால் மாரடைப்பு குறைந்தது என்று நிறுவப்படவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் சொன்னதும் இதைத்தான். செயற்கை வால்வு உள்ளவர்கள் கதை வேறு. முன்பு இதய உட்சவ்வில் தொற்று வந்தவர்களும் அப்படியே. ஈறில் கருவி படும் முன் 30 முதல் 60 நிமிடத்துக்குள் 2 கிராம் அமாக்சிசிலின் வாய்வழி, பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்று கேட்டு உறுதிசெய்த பிறகு.

ஆகஸ்ட் 19

சுத்தம் செய்து ஆறு வாரம். நான்கு வாரத்துக்குள் அளவுகோலை விட்டால் புதிதாக ஒட்டிவரும் திசு பிய்ந்துவிடும். ஆழமான பைகள் ஒன்று இரண்டு மி.மீ. குறைந்து, ரத்தம் நின்றிருந்தால் நல்ல பலன். இன்னும் 6 மி.மீ. இருந்து ரத்தமும் வந்தால் அந்த இடத்தை மறுபடி சுரண்டுகிறோம். கடைவாய்ப் பல்லின் வேர்ப் பிரிவுகளில் பெரும்பாலும் ஈறைத் திறந்துதான் செய்யவேண்டியிருக்கும். புகையிலை, ஹான்ஸ், பீடி விடாதவருக்கு இந்தக் கணக்கு எதுவும் சரியாக வராது.

செப்டம்பர் 2

முதியவர்களின் செயற்கைப் பல்செட். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரு மடங்குக்கு மேல். ராத்திரி கழற்றி, சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் மூழ்கவைக்கவேண்டும். வெந்நீர் பட்டால் வளையும். பற்பசை கீறல் போடும், கீறலில் பூஞ்சை தங்கும். படுக்கையில் இருப்பவர்களுக்குத் தலையை உயர்த்திவைத்து, ஈரத்துணியால் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் துடைக்கவேண்டும். அண்ணம் சிவந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

அக்டோபர் 9

மூன்று மாதம். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் அளவு என்பதால் இதற்கு முன்பு எச்பிஏ1சி மறுபடி பார்த்துப் பயனில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வில் ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி இறங்கியிருக்கிறது. 12 மாதத்தில் 0.50. சர்க்கரை மருந்துக்கு இது மாற்று இல்லை, ஆனால் மருந்தோடு சேர்ந்து வரும் லாபம். 9.2-ல் இருப்பவரை இது 7-க்குக் கொண்டுவராது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவருக்கு இந்த எண் கூடுதலாகக் காட்டலாம். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சர்க்கரை மருத்துவருக்கு எழுதும் கடிதம் அரைப்பக்கத்தைத் தாண்டுவதில்லை: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ரத்தம் வந்த இடங்களின் சதவீதம், 6 மி.மீ. தாண்டிய பைகள் எத்தனை, இரண்டு எச்பிஏ1சி அளவுகள், அடுத்த சுத்தத்தின் தேதி. அந்தத் தேதி மூன்று மாதத்துக்கு மேல் போகாது. அதற்குள் பைகளில் கிருமிக் கூட்டம் திரும்பக் குடியேறிவிடுகிறது. கடிதத்தை நோயாளி கையில் கொடுத்து, பாதப் பரிசோதனைப் பக்கத்துக்கு அடுத்தாற்போல் கோப்பில் கோர்க்கச் சொல்கிறோம்.