பெயர் சூட்டாமல் இருப்பதற்காக 8.5 கோடி டாலர்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வணிக மேலாண்மைப் பள்ளிக்குப் பெருந்தொகை நன்கொடையாக வருகிறது என்றால், பெரும்பாலும் பள்ளியின் பெயரும் சேர்ந்து மாறப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 2004-இல் ஸ்டீபன் ராஸ் 10 கோடி டாலர் அளித்தபோது மிச்சிகன் பல்கலைக்கழகப் பள்ளி அவர் பெயரை ஏற்றது. அதே ஆண்டு கார்னகி மெலன் பள்ளி, 5.5 கோடி டாலர் வழங்கிய டேவிட் டெப்பரின் பெயரைப் பெற்றது; 2008-இல் டேவிட் பூத் தந்த 30 கோடி டாலரால் சிகாகோவின் பள்ளி பூத் பள்ளியானது. கல்விக்குக் கொடுத்த இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், இந்த வரிசைக்கு நடுவே 2007 அக்டோபரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்ததையே நான் மிக உயர்வாகக் கருதுகிறேன்.

மேடிசன் நகரில் உள்ள அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் 1900-இல் தொடங்கப்பட்ட வணிகப் பள்ளிக்கு, அதன் முன்னாள் மாணவர்கள் 13 பேர் கூடி 8.5 கோடி டாலர் அளித்தனர். குறைந்தது 20 ஆண்டுகளுக்கு எந்தத் தனிநபரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் பள்ளிக்குச் சூட்டப்படக் கூடாது என்பதற்காகவே அந்தக் கொடை. இதில் சேரத் தலைக்குக் குறைந்தது 50 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது; அந்தக் கணக்கில் 6.5 கோடிதான் வருகிறது. ஆகவே சிலர் அதற்கு மேலும் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் சிஸ்கோ நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜான் மார்க்ரிட்ஜ். அதே ஆண்டு இறுதியில், விஸ்கான்சின் மாநிலத்து ஏழை மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்காக அவரும் அவர் மனைவி தாஷியாவும் தனியே 17.5 கோடி டாலர் வழங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நினைத்திருந்தால் தனியொருவராகவே பள்ளிக்குத் தம் பெயரை வைத்திருக்கக் கூடியவர், பதின்மூவரில் ஒருவராக இருப்பதே போதும் என்று முடிவு செய்தார்.

பெயரை விற்பதில் உள்ள சிக்கல், அதை ஒரு முறைதான் விற்க முடியும் என்பது. இன்றைக்குப் பெரிதாகத் தெரியும் தொகை முப்பது ஆண்டுகளில் சிறுத்துவிடும். பெயரோ அப்படியே நிற்கும். வேறொருவர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கு அதைவிடப் பெரிய தொகையைக் கொடுக்க அடுத்த செல்வந்தர் தயங்குவார். கொடையாளர் பின்னாளில் அவப்பெயருக்கு ஆளானால், அந்தச் சுமையையும் மாணவர்களின் பட்டச் சான்றிதழ் சுமக்க வேண்டியிருக்கும். விஸ்கான்சின் பள்ளியின் அப்போதைய முதல்வர் மைக்கேல் நெட்டர் தலைமையில் எட்டப்பட்ட ஏற்பாட்டிலோ, பணமும் கைக்கு வந்தது, பெயரும் கையை விட்டுப் போகவில்லை. மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த ஒரு நிறுவனம் மாநிலத்தின் பெயராலேயே அழைக்கப்படுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

பெயர்களே கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பள்ளி இயங்கும் கட்டடமே கொடையாளர் பெயர் தாங்கிய கிரெய்ஞ்சர் ஹால்தான். பதின்மூவரும் தங்களை மறைத்துக்கொள்ளவும் இல்லை. கட்டடத்துக்கும் பேராசிரியர் பதவிக்கும் பெயர் வைப்பது நன்றி தெரிவிக்கும் முறை; அதில் எனக்கு மறுப்பில்லை. முழுப் பள்ளியின் அடையாளத்தை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பதுதான் உறுத்துகிறது.

20 ஆண்டு என்ற வரம்பு தளர்வானது, பிரச்சினையைத் தள்ளிப்போடுவது மட்டுமே என்று வாதிடலாம். எனக்கு அந்த வரம்பு சரியாகவே படுகிறது. இன்னும் பிறக்காத மாணவர்களையும் அவர்களின் நிர்வாகிகளையும் என்றென்றைக்கும் கட்டிப்போடும் உரிமை எந்தக் கொடையாளருக்கும் இல்லை. என் ஒரே குறை அந்த 50 லட்சம் என்ற நுழைவுத் தொகை பற்றியது. 2027-இல் அந்த 20 ஆண்டு நிறைவடையும்போது, நூறு டாலர் கொடுக்கும் பள்ளி ஆசிரியரும் சிறு கணக்காளரும் சம பங்காளிகளாகச் சேரும்படி அதே உறுதிமொழி புதுப்பிக்கப்பட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.