விருத்தித் தாமத ஆய்வு: அனுமதிக் கடிதமும் அகப்படாத நிபுணர்களும்

அறிக்கை கொடுத்தாயிற்று. ஆனாலும் கிளினிக்கில் ஆய்வு செய்ய அனுமதி கேட்டு நான் கொடுத்த கடிதத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் எடுத்தது நண்டாவின் (தாதியர் பயன்படுத்தும் சர்வதேச நோயறிதல் பட்டியல்) 2021–2023 பதிப்பில் உள்ள 'பிள்ளை விருத்தித் தாமதம்', குறியீடு 00314. அதற்குச் சொல்லப்பட்ட அறிகுறிகள் எங்கள் கிளினிக் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்பதுதான் வேலை. அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் ஃபெரிங்கின் 1987 முறைப்படி நிபுணர்கள் ஒவ்வொரு அறிகுறிக்கும் 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். அதை 0 முதல் 1 வரையான நிறையாக மாற்றிச் சராசரி எடுத்தால், 0.80க்கு மேல் பிரதானம், 0.50க்குக் கீழே போனால் வெட்டு. எக்செல் தெரிந்தவருக்கு இது ஒன்றுமில்லை.

சிக்கல் நிபுணரில்தான். ஒருவரை நிபுணராக ஏற்க, ஃபெரிங் 1994இல் வைத்த அளவுகோலில் குறைந்தது 5 புள்ளி வேண்டும். அதில் 4 தாதிய முதுமாணிப் பட்டத்துக்கே போய்விடுகிறது. வன்னியில் அப்படி ஆட்களை எங்கே தேடுவது? மழையிலும் சேற்றிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற மிட்வைஃப் அக்காமார் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட பூச்சியம். அனுபவத்துக்குக் கூடுதல் புள்ளி கொடுத்து அளவுகோலைத் திருத்தலாம், பலரும் செய்வதுதான். ஆனால் அந்தத் திருத்தத்தை நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். இடைநடுவில் மாற்றினால் திரும்பவும் அனுமதி எடுக்க வேண்டும். நான் முதலே எழுதியதால் அந்த இடம் சுகமாகக் கழிந்தது.

கடிதம் கழியவில்லை. ஏ35 வீதியால் பஸ் பிடித்து அலுவலகம் போனால், லிகிதர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது 'ஊடாக' எண்டு போட்டு வரேல்லையே" என்றார். மேலதிகாரி வழியாக வருகிற கடிதம் என்பதற்கான சொல் அது. இரண்டாவது வரியிலேயே இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினேன். "சரி, ஆனா ஐயா லீவு" என்று தட்டில் போட்டார். அடுத்த முறை போனபோது கடிதமே அந்தத் தட்டில் இல்லை! நல்ல காலம், என் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கியிருந்தேன். அதை மேசையில் வைத்த பிறகு கடிதம் வேறொரு கோப்புக்குள் இருந்து வெளியே வந்தது. முத்திரை இல்லாமல் எந்த அலுவலகத்தை விட்டும் வெளியே வராதீர்கள்.

கிளினிக் கட்டத்தில் இரண்டு தாதியர் ஒரே பிள்ளையைத் தனித்தனியே பார்த்துக் குறிக்க வேண்டும். முதலில் ஊசி நாளில் வைத்தோம். ஒன்றரை வயதில் முக்கூட்டு ஊசி இருக்கிறதல்லவா, பிள்ளைகள் வெள்ளைச் சீருடையைக் கண்டதுமே வாயை மூடிவிட்டார்கள். ஒரு பொடியன் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தவன் அசையவே இல்லை. உள்ளே இருந்த தாதி 'பேச்சு இல்லை' என்று குறித்தார். வெளியே வந்ததும் அதே பிள்ளை ரோட்டில் போன லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் காட்டி, "மாத்தர்! அம்மம்மா, மாத்தர்!" என்று கத்தினான். மற்றத் தாதி அதைக் கேட்டுக் குறித்திருந்தார். இருவருடைய தாளும் எப்படி ஒத்துப்போகும்?

அதன் பிறகு சீருடையில்லாமல், ஊசிக்கு முன்னரே, மரநிழலில் பாய் விரித்துப் பார்த்தோம். 'வயதுக்குரிய செயலைச் செய்வதில் சிரமம்' என்று பொத்தாம்பொதுவாக இருந்த அறிகுறிகளை, தாய்மார் வைத்திருக்கும் சுகாதார விருத்திப் பதிவேட்டில் உள்ள மைல்கற்களோடு சேர்த்து எழுதிக் கொடுத்தோம். இரண்டு தாதியரின் தாள்களும் அப்புறம்தான் ஒத்துவரத் தொடங்கின. ஊசி நாளில் குறித்த தாள்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏன் சேர்க்கவில்லை என்று அறிக்கையில் ஒரு பந்தியும் எழுதினேன்.