தணிகை மலையில் ஒரு படித்திருவிழா நாள்

டிசம்பர் 31 விடியற்காலையில் அத்தையும் நானும் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். அரக்கோணம் தாண்டியதும் பெட்டியில் மஞ்சள் வேட்டிகளும் பூக்காவடிகளும்தான். திருத்தணியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து மலையடிவாரம் வந்தோம். மலை உச்சி வரை வண்டிப் பாதை இருக்கிறது. அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி வேறு. ஆனாலும், "இன்னைக்குப் படியேறாம எப்படிடா?" என்று முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மொத்தம் 365 படிகள், வருஷத்தின் ஒரு நாளுக்கு ஒரு படி. அன்று ஒவ்வொரு படிக்கும் பூஜை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப்போட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி முடித்த பிறகுதான் அடுத்த படி. எங்களுக்கு முன்னால் போன பஜனைக் குழுவில் குங்குமம் வைக்கிற வேலை ஒரு பெரியவருடையது. அவர் கட்டைவிரல் நகக்கண் வரை சிவந்திருந்தது. காற்றில் கற்பூரம் அணைந்தால் கையைக் குவித்து மறுபடி ஏற்றுவார். சுடர் நின்ற பிறகே பாட்டு தொடங்கும். அவருக்கு அவசரமே இல்லை.

இந்தப் படித்திருவிழாவை 1917-இல் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. ஜனவரி முதல் தேதி வந்தால் நம் ஆட்கள் மாலையும் பழமுமாகத் துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அந்தத் துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலையில் இருக்கிறான், முதல் வணக்கம் அவனுக்கே என்று சுவாமிகள் கூட்டத்தை மலைக்குத் திருப்பிவிட்டார். இதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்த்துவிடும்.

அன்றைக்கு மட்டும் அந்தச் சிலிர்ப்போடு ஒரு வருத்தமும் கலந்திருந்தது. காரணம், அடிவாரத்தில் பார்த்த ஃபிளெக்ஸ் பேனர். கட்சிப் பெயர் வேண்டாம். கையில் வேலோடு தலைவர் ஆளுயரத்துக்கு நிற்கிறார். முருகன் ஒரு மூலையில், தபால்தலை அளவில். அந்த பேனர் நிழலில் காவடியை இறக்கி வைத்துவிட்டு ஒரு குடும்பம் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தது.

இந்த மலைக்கு அரசியல் புதிதில்லை. அப்போது ஆந்திராவில் இருந்த திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததே ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்தால்தான், 1960-இல். ஆனால் அது மண்ணுக்கான போராட்டம். 2020-இலிருந்து நடப்பது வேறு. அந்த வருஷம் ஜூலையில், ஒரு யூடியூப் சேனலில் கந்த சஷ்டி கவசத்தை இழிவாகப் பேசிய வீடியோ பெரிய சர்ச்சையானது. தினமும் விளக்கேற்றிக் கவசம் சொல்கிற என் அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வலி உண்மையானது. அப்புறம் அந்த வலியைச் சுற்றிக் கட்சிகள் வந்து நின்றன. நவம்பரில் அன்றைய மாநில பாஜக தலைவர் எல்.முருகன் இதே திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை கிளம்பினார். கொரோனாவைக் காரணம் காட்டி அனுமதி மறுத்த அதிமுக அரசு அவரைக் கைது செய்தது. அதே அரசின் முதல்வர் எடப்பாடி பழனிசாமி 2021 ஜனவரியில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை அறிவித்தார். அந்த மாதமே திருத்தணிக்கு வந்த திமுக தலைவர் மு.க.ஸ்டாலின் கையில் வெள்ளி வேல். பிள்ளையாரை உடைக்கவும் மாட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டோம் என்ற அண்ணாவின் வழியில் வளர்ந்த கட்சி அது. தேர்தல் அறிக்கையில் கோயில் திருப்பணிக்கு 1,000 கோடி ரூபாய் என்றது. 2024 ஆகஸ்டில் பழனியில் திமுக அரசின் அறநிலையத் துறையே முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. 2025 ஜூன் 22-இல் மதுரையில் இந்து முன்னணியின் முருக பக்தர்கள் மாநாடு, ஆந்திராவிலிருந்து பவன் கல்யாண் வரை வந்தார்.

மனம் மாறுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழப்போன அருணகிரிநாதரைத் தாங்கிப் பாட வைத்த சாமி இவன். யாரும் எந்த வயதிலும் வரலாம். ஆனால் தேர்தல் வருஷத்தில் மட்டும் வருகிற பக்தியைப் பார்த்தால் நெஞ்சு ஒப்பவில்லை. அவர்கள் கும்பிடுவது மலையைப் பார்த்தா, கீழே நிற்கிற எங்களைப் பார்த்தா?

நடுவழியில் உட்கார்ந்தபோது இதை அத்தையிடம் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. 60 முதல் 70 வயதுக்காரர்களுக்கு அறநிலையத் துறை நடத்துகிற இலவச அறுபடை வீடு பயணத்தில் போய்வந்தவர் அவர். அதற்கு முன் திருச்செந்தூர் கடலைப் பார்த்ததே இல்லை. "ஓட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்களோ என்னவோ. ஆனா அந்தக் கடல்ல முங்கி எழுந்தப்போ எனக்கு எந்தக் கட்சியும் ஞாபகம் வரலைடா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தைப்பூச விடுமுறையும் அப்படித்தான். யார் எதற்குக் கொடுத்திருந்தாலும், அன்றைக்கு லீவு கேட்டுக் கெஞ்சாமல் காவடி எடுக்க முடிகிறது.

மேலே தரிசன வரிசையை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். ஒரு பிரமுகர் வருகிறாராம். கைக்குழந்தைகள் அழுதன. அவர் வந்தார், உள்ளே போனார், வெளியே வந்து கொடிமரத்துப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார். நெற்றி நிறைய விபூதி. உள்ளே கேமரா கிடையாது. அங்கே அவர் என்ன வேண்டினார் என்பது முருகனுக்குத் தெரியும்.

எங்கள் முறை வந்தது. சூரனோடும் வேடரோடும் போர் முடித்து, கோபம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் இது. அதனால்தான் தணிகை. கந்த சஷ்டிக்கு மற்ற தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே கூடை கூடையாகப் பூவைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்வார்கள். சந்நிதியில் தீபாராதனை வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம், கீழே இருந்து சுமந்து வந்த எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. அத்தை கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் படி வழியாகவே இறங்கினோம். பாதிக்கு மேல் ஏறியிருந்தது அந்தப் பஜனைக் குழு. பெரியவரின் குரல் கம்மிப்போயிருந்தது.

"சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார் அத்தை.

அவர் சிரித்து, மேலே மிச்சமிருந்த படிகளைக் கையால் காட்டினார். அத்தை பைக்குள் தேடி, மிச்சமிருந்த கற்பூரப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். பெரியவர் ஒரு கட்டியை எடுத்து அந்தப் படியில் வைத்து ஏற்றினார். சுடர் நிற்கும் வரை நாங்களும் நின்றோம். அப்புறம் பாட்டு தொடங்கியது.