ஸ்டெப்பர் மோட்டாருக்கு எத்தனை வோல்ட்? பட்டறைக் குறிப்புகள்

ஜனவரி 11
நேமா 17 (மோட்டார் முகப்பின் அளவைக் குறிக்கும் பெயர்) ஸ்டெப்பர் மோட்டார்கள் மூன்று, அதாவது ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழல்பவை. இவற்றுக்கு பவர் சப்ளை வாங்க வேண்டும். அளவுத்தாளில் காயிலுக்கு 1.5 ஆம்பியர், 2 ஓம் ரெசிஸ்டன்ஸ், 3 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மை). கூடவே 3 வோல்ட். பலரைக் குழப்புவது இந்தக் கடைசி எண்தான். 1.5-ஐ 2-ஆல் பெருக்கினால் வருவது அது, வேறொன்றுமில்லை. சப்ளை வாங்க அதைப் பார்க்கவே வேண்டாம். மோட்டாரை இயக்கும் சுற்றான சாப்பர் டிரைவர் கரண்டைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். வரம்பைத் தொட்டதும் வெட்டும். வரம்பு சரியாக இருந்தால் 24 வோல்ட்டிலும் காயில் கருகாது.

ஜனவரி 12
இன்று முழுக்கக் கணக்கு. 600 ஆர்பிஎம் வேண்டும். சுற்றுக்கு 200 ஸ்டெப் என்றால் நொடிக்கு 2000. ஒரு ஸ்டெப்புக்கு 0.5 மில்லிநொடி. அதற்குள் காயிலில் கரண்ட் ஏறியாக வேண்டும், இண்டக்டன்ஸோ ஏறவிடாமல் இழுக்கிறது. 3 வோல்ட்டில் அந்த நேரத்தில் 0.43 ஆம்பியர்கூட எட்டாது. 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியரைத் தொட 0.43 மில்லிநொடி, அதாவது ஸ்டெப் முடியும் தறுவாயில். 24 வோல்ட்டில் 0.2. சுழலும்போது மோட்டாரே எதிர் வோல்டேஜை உண்டாக்குவதால் நிஜத்தில் இன்னும் இறுக்கம். வேகத்தில் டார்க் (சுழற்றும் விசை) வேண்டுமென்றால் வோல்ட்டைக் கூட்டுவதுதான் வழி.

ஜனவரி 15
12, 24 வோல்ட் என இரண்டு சப்ளையிலும் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாக ஓடும்போது வித்தியாசமே இல்லை, நிற்கும்போது பிடிக்கும் டார்க்கும் அதேதான். வேகம் ஏற ஏற 12 வோல்ட்டில் ஸ்டெப் தவறியது. 24-இல் அதே வேகத்தில் அலுங்காமல் ஓடியது. மனசு நிறைந்தது.

ஜனவரி 18
அப்படியானால் 36? மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கு என்றொரு நடைமுறை விதி உண்டு. இந்த மோட்டாருக்கு உச்சம் 55 வோல்ட் அருகே. ஆனால் என்னிடம் இருப்பது ஏ4988 டிரைவர், அதன் வரம்பு 35 வோல்ட். மோட்டார் நகர்த்தும் எடையுள்ள மேடை வேகம் குறைத்து நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி சப்ளை வோல்டேஜை மேலே தள்ளும். வரம்பை ஒட்டி வைப்பது டிரைவரைப் பலி கொடுப்பதற்குச் சமம். வோல்ட் கூடினால் மோட்டாரின் இரும்பும் கூடுதலாகச் சூடாகும். எனக்கு 24 போதும். ஒவ்வொரு டிரைவரின் காலடியிலும் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கட்டாயம். பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவே கூடாது.

ஜனவரி 19
ஆம்பியர் மட்டும் பாக்கி. மூன்று மோட்டார், ஆறு காயில், ஆகவே 9 ஆம்பியர் என்று கூட்டத் தேவையில்லை. டிரைவர் வோல்ட்டை இறக்கிக் கரண்டைக் கூட்டித் தருகிறது. எல்லாக் காயிலும் முழுக் கரண்டில் நின்றாலும் செம்பில் போவது 27 வாட்தான். அசைவுக்கும் இழப்புக்கும் சேர்த்து 24 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை ஆர்டர் செய்தாயிற்று.