ஐபீஸ் கோட்டுக்கு எத்தனை மைக்ரான்?

காரைக்குடியில் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில், பருவம் தொடங்கும் முன்பே எல்லா மைக்ராஸ்கோப்புகளின் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், உள்ள அளவுகோலையும் சரிபார்த்துவிடுவேன். மாணவர்கள் கையில் கருவி போவதற்குள் அது முடிந்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

ஐபீஸுக்குள் உள்ள வட்டக் கண்ணாடியில் 100 பிரிவுகள் இருக்கும், அலகு இருக்காது. ஒரு பிரிவு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது, ஸ்லைடுக்கு மேலே இருக்கும் லென்ஸான ஆப்ஜெக்டிவுக்கு ஆப்ஜெக்டிவ் மாறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 100 ஆகப் பிரித்துக் கோடு போட்ட ஸ்லைடு அது. ஒரு பிரிவு 10 மைக்ரான்.

ஐபீஸைத் திருப்பி இரண்டு அளவுகோலையும் இணையாக்கி, இடது ஓரக் கோடுகளைப் பொருத்த வேண்டும். அப்புறம் வலப்பக்கம் வேறு எந்த இரண்டு கோடுகள் சரியாகச் சேருகின்றன என்று தேட வேண்டும். பக்கத்திலேயே ஒன்று சேர்ந்தாற்போலத் தெரிந்தாலும் அங்கே நிற்கக் கூடாது, முடிந்தவரை தள்ளிப் போக வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிற கொத்தனார் இரண்டு கல்லுக்கு மட்டும் நூல் பிடிப்பதில்லை. முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிடிக்கிறார். 40எக்ஸில், அதாவது 40 மடங்கு பெரிதாக்கும் ஆப்ஜெக்டிவில், ஐபீஸின் 98 பிரிவுகளுக்கு ஸ்டேஜின் 25 பிரிவுகள் வந்தால், 250-ஐ 98-ஆல் வகுத்து 2.55 மைக்ரான். அந்த ஆப்ஜெக்டிவில் ஸ்டேஜ் கோடுகளே தடியாகத் தெரியும். ஆகவே ஒரு முனையில் கோட்டின் இடது விளிம்பை எடுத்தால் மறுமுனையிலும் இடது விளிம்புதான்.

“சீனியர் அண்ணன் ரெக்கார்டில் 10 மைக்ரான்னு இருக்கு சார்” என்று மாணவர்கள் வருவார்கள். அது 10எக்ஸுக்கு ஏறக்குறைய சரியாக வரும் எண். அதையே 40எக்ஸில் போட்டால், மூன்று பிரிவு அகலமுள்ள ரத்தச் சிவப்பணு 30 மைக்ரானாகிவிடும். உண்மையில் அது 7 முதல் 8 மைக்ரான். அதனால் முதல் வகுப்பிலேயே விலங்கியல் துறையிலிருந்து ரத்தப்பூச்சு ஸ்லைடு ஒன்றை வாங்கி வந்து அளக்க வைப்பேன். செம்பருத்தி மகரந்தம் அதற்குப் பிறகுதான். அது 100 மைக்ரானைத் தாண்டும், 10எக்ஸே போதும்.

‘இவ்வளவு நுணுக்கம் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு ஊரிலேயே பதில் இருக்கிறது. 1953-இல் இங்கே திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துறைகளில் ஒன்று மின்முலாம். முலாம் பூசிய உலோகத்தைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பூச்சின் தடிமனை அளக்கும் முறை உண்டு. சில மைக்ரான் பூச்சில் ஒரு மைக்ரான் பிசகு சிறியதே அல்ல.

பழைய ஒற்றைக்கண் கருவிகளில் குழாயை வெளியே இழுக்கலாம். இழுத்தால் உருப்பெருக்கம் மாறும், கண்ட மதிப்பும் செல்லாது. எனவே ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஐபீஸ், ஆப்ஜெக்டிவ், குழாய் நீளம், மைக்ரான் மதிப்பு, தேதி எழுதிய சீட்டை ஒட்டி வைப்பேன். யாராவது ஐபீஸை மாற்றி மாட்டியிருந்தால் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.