ஒரு ‘சரிங்கய்யா’

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் கூப்பிடும்போதெல்லாம் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன். ஸ்பானிஷுக்கு இருப்பதுபோல் தமிழுக்கு ஃபெடரல் தேர்வு கிடையாது. சட்டச் சொற்களுக்கு நானே எழுதி வைத்த நோட்டுதான் துணை. அதில் அதிகம் அடித்துத் திருத்திய சொல் ‘வேவர்’ (waiver), அதாவது தனக்குள்ள உரிமையைத் தானே வேண்டாம் என்பது.

இங்கே ஃபெடரல் வழக்குகளில் தண்டனை பெறுவோரில் நூற்றுக்கு 97 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று உச்ச நீதிமன்றமே 2012-இல் எழுதியது. அப்படி ஒப்புக்கொள்ள அரசுத் தரப்போடு போடும் ஒப்பந்தத்தில், தண்டனை இந்த அளவைத் தாண்டாவிட்டால் அப்பீல் செய்ய மாட்டேன் என்று பெரும்பாலும் ஒரு பத்தி வரும். அதுதான் வேவர். அது புரிகிறதா என்று நீதிபதி நேரில் கேட்டாக வேண்டும். 1999-இல் வந்த விதி.

அந்தப் பத்தியைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘தள்ளுபடி’ என்றால் நம் ஆளுக்குக் கூட்டுறவு வங்கிக் கடன் ஞாபகம் வரும். ‘விட்டுக்கொடுப்பது’ அண்ணன் தம்பிக்குள் நடப்பது. பத்திர ஆபீஸில் தங்கை தன் பங்கை எழுதிக்கொடுப்பதற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று அருமையான பெயர் உண்டு. ஆனால் கைதி உடையில் நிற்பவரிடம் ‘விடுதலை’ என்று வாயெடுக்க முடியுமா! கடைசியில் ‘அப்பீல் செய்யும் உரிமையைக் கைவிடுகிறீர்கள்’ என்பதில் வந்து நின்றேன்.

ஒரு வழக்கு. ஆளை அடையாளம் காட்டும் எதையும் சொல்லப் போவதில்லை. நீதிபதி பத்தியைப் படித்து, “புரிகிறதா?” என்றார். “சரிங்கய்யா” என்றார் குற்றம் சாட்டப்பட்ட நம் ஆள். நான் “ஓகே, சார்” என்றேன். சரி என்பது புரிந்தது ஆகாதே. நீதிபதியும் விடவில்லை: “ஆமா, இல்லை என்று சொல்லுங்கள்.” இவர் வக்கீல் முகத்தைப் பார்த்தார். வக்கீல் லேசாகத் தலையசைத்தார். “ஆமாங்கய்யா.” நான் “யெஸ், சார்.” அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

தண்டனை ஒப்பந்த அளவுக்குள்தான் வந்தது. ஆனாலும் அப்பீல் வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டிருந்தாலும் கட்சிக்காரர் கேட்டால் வக்கீல் அப்பீல் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். 2019-இல் கார்ஸா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. பதினான்கு நாள் கெடுவுக்குள் கொடுத்தார்.

உடனே அரசுத் தரப்பு, ஒப்பந்தப்படி அப்பீலைத் தள்ளுங்கள் என்று மனுப் போட்டது. இதற்கு டென்வரில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் ஹான் வழக்கில் வகுத்த மூன்று கேள்விகள் பிரசித்தம்: பிரச்சினை அந்தப் பத்திக்குள் அடங்குமா, தெரிந்தும் மனமொப்பியும் கைவிட்டாரா, அதைச் செல்லுபடியாக்கினால் பெரிய அநீதி ஆகுமா. வேறு நீதிமன்றங்களும் சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்கின்றன.

‘தெரிந்தும் மனமொப்பியும்’ என்பதற்கு அவர்கள் பார்ப்பது எழுத்துப் பதிவை. அதில் தமிழ் இருக்காது, என் ஆங்கிலம்தான். வக்கீலைப் பார்த்த பார்வையும் இல்லை. ‘யெஸ், சார்’ இருந்தது. அப்பீல் தள்ளுபடி.

செய்தி சொல்லச் சிறைக்குப் போட்ட போன் காலிலும் நான்தான் மொழிபெயர்த்தேன். வக்கீல் நிதானமாக விளக்கிவிட்டு என்னிடம், “அவருக்குப் புரிந்ததா?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. அதை அப்படியே தமிழில் அவரிடம் கேட்டேன்.

“சரிங்க” என்றார்.